உள்ளூர்ச் செய்தி படிக்காத கேப்டன்

1870 பிப்ரவரி. டெக்சாஸின் வடக்கு ஓரத்தில் விச்சிட்டா ஃபால்ஸ். தலைக்குப் பத்து சென்ட் வாங்கிக்கொண்டு முதியவர் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் செய்தித்தாள் வாசிக்கிறார். பெயர் கேப்டன் ஜெஃபர்சன் கைல் கிட். எழுபது வயதைத் தாண்டியவர். முன்பு அச்சகம் வைத்திருந்தார். உள்நாட்டுப் போர் அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. இப்போது ஊர் ஊராகப் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுவதுதான் பிழைப்பு. ஒருவர் உரக்கப் படிக்க, பெஞ்சு நிறையப் பேர் காதுகொடுத்துக் கேட்ட நம்மூர் டீக்கடைகளை அறிந்தவர்களுக்குக் காட்சி உடனே பிடிபடும். கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை தரும் பதினைந்தாவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறிவிட்டது என்று அவர் வாசிக்கும்போது கூட்டம் நெளிகிறது. உடனே தூர தேசத்துக் கதைகளுக்குத் தாவிவிடுவார்.

டெக்சாஸ் அரசியலை மட்டும் அவர் வாசிப்பதில்லை. டேவிஸ் கட்சி, ஹாமில்டன் கட்சி என்று மாநிலமே இரண்டுபட்டுக் கிடக்கிறது. உள்ளூர்ச் செய்தியை எடுத்தால் வாசிப்பு முடியும் முன்பே துப்பாக்கி பேசும்.

போலெட் ஜைல்ஸ் 2016-இல் வெளியிட்ட 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' நாவலின் தொடக்கம் இது. வெஸ்டர்ன் என்றும் கௌபாய்க் கதை என்றும் நாம் அழைக்கும் இலக்கிய வகையின் தொழில் ரகசியம் முழுவதும் இந்த ஒரு பாத்திரத்துக்குள் இருக்கிறது. கேப்டன் செய்வதைத் திருப்பிப் போட்டுச் செய்வதே அந்த எழுத்தாளர்களின் வேலை. அவர் உள்ளூர்ச் செய்தியைத் தவிர்ப்பதற்காகத் தூரத்துச் செய்தியை வாசிக்கிறார். அவர்களோ உள்ளூர்ச் செய்தியைச் சொல்வதற்காகவே தூரத்துக் காலத்துக்குப் போகிறார்கள்.

இந்தக் கதைகளின் காலம் மிகச் சிறியது. 1865-இல் உள்நாட்டுப் போர் முடிகிறது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, இனிக் குடியேற்ற எல்லைக்கோடு என்று ஒன்றை வரைய முடியாது என அமெரிக்க அரசே அறிவிக்கிறது. இடையில் இருப்பது இருபத்தைந்தே ஆண்டுகள். அதை நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிச் சலிக்காமல் இருக்கிறார்கள் என்றால், சொல்லப்படுவது அந்தப் பழைய காலம் மட்டுமாக இருக்க முடியாது. குதிரையும் தொப்பியும் மாறுவதில்லை. கதை எழுதப்பட்ட ஆண்டின் தலைப்புச் செய்தி உள்ளே மாறிக்கொண்டே வருகிறது. பாராட்டலாம்தான். ஆனால் இந்த முகமூடிக்கு ஒரு குணம் உண்டு: யார் எடுத்து மாட்டினாலும் பொருந்திவிடும். போட்டுக்கொண்டு வந்தவரின் எதிரிக்கும்கூட.

இந்த வகையின் பிறப்பே நடப்பு அரசியலில்தான், அதுவும் வலுத்தவர் பக்கத்தில். 1892 ஏப்ரலில் வயோமிங்கின் ஜான்சன் கவுண்டிக்குள் ஆயுதமேந்திய படை ஒன்று புகுந்தது. அனுப்பியவர்கள் பெரும் மாட்டுப் பண்ணை முதலாளிகள். டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். மாடு திருடர்களை ஒழிக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். சாவுப் பட்டியலில் இருந்தவர்களில் பலர் சிறு விவசாயிகள், சொந்தமாக நாலு மாடு வைத்துப் பிழைக்க நினைத்தவர்கள். நேட் சாம்பியன் என்பவர் தனியாளாக ஒரு மரக்குடிசைக்குள்ளிருந்து மணிக்கணக்கில் தாக்குப்பிடித்துச் செத்தார். ஊர் திரண்டு எழுந்து படையை வளைத்தபோது, குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் அனுப்பிய குதிரைப்படை வந்து மீட்டது தாக்க வந்தவர்களை! கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

மாட்டுக்காக உயிர் போவது தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை என்று இரண்டுக்கும் பூச்சூட்டித் திணை வகுத்த மரபு நம்முடையது. மீட்கப் போய் விழுந்தவனுக்கு நடுகல்லும் உண்டு. வயோமிங்கில் பூச்சூட்டும் வேலையை நாவலாசிரியர் ஒருவர் ஏற்றார். ஓவன் விஸ்டர், பண்ணை முதலாளிகளின் நண்பர்; ஹார்வர்டில் படித்தவர். 1902-இல் அவர் எழுதிய 'த வர்ஜீனியன்' நாவலை அப்போது குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் காணிக்கையாக்கினார். பின்னால் வந்த கௌபாய் நாயகர்கள் எல்லாம் இந்த நாவலின் பேரப்பிள்ளைகள். அதில் நாயகன் மாடு திருடிய தன் நண்பனையே தூக்கில் போடுகிறான். பள்ளி ஆசிரியையான காதலி மனம் கலங்க, நீதிபதி ஹென்றி என்ற பாத்திரம் அவளுக்கு வகுப்பெடுக்கிறது: தெற்கில் கறுப்பர்களை எரிப்பது காட்டுமிராண்டித்தனம்; வயோமிங்கில் திருடனை ஓசையின்றித் தொங்கவிடுவது நாகரிகத்தின் முதற்படி.

டஸ்கீகி நிறுவனத்தின் கணக்குப்படி 1892-இல் மட்டும் அமெரிக்காவில் கும்பல்களால் கொல்லப்பட்டோர் 230 பேர். அவர்களில் 161 பேர் கறுப்பர்கள். நீதிபதி ஹென்றியின் சொற்பொழிவை இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். நடப்புக்குக் கதை வழியாகக் கருத்துச் சொல்வது என்றதும் அநீதியை எதிர்க்கும் குரலைத்தான் நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இந்த வகையின் முதல் பெரிய நாவல், பண்ணையார் தரப்பு வக்கீலாக வாதாடியது.

அதற்கு மறுவாதம் வர முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. வால்டர் வான் டில்பர்க் கிளார்க் என்ற ஆசிரியர் 1937, 38-ஆம் ஆண்டுகளில் ஒரு நாவலை எழுதினார். 1940-இல் 'த ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' என்று அது வெளிவந்தது. அவருடைய முதல் நாவல். களம் 1885-இன் நெவாடா. பண்ணையாள் ஒருவன் சுடப்பட்டுச் செத்தான், மாடுகளும் களவு போயின என்று ஒரு சிற்றூருக்குச் சேதி வருகிறது. ஷெரீஃப் ஊரில் இல்லை. கும்பல் சேர்கிறது. பழைய தென்மாநில ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு மேஜர் டெட்லி தலைமை தாங்குகிறார். மலைக்கணவாயில் மூன்று பேர் மாடுகளோடு சிக்குகிறார்கள்: இளம் குடும்பஸ்தன், மெக்சிகோக்காரன், புத்தி தடுமாறிய கிழவன். விடிந்ததும் மூவரையும் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், செத்ததாகச் சொல்லப்பட்டவன் சாகவே இல்லை என்று தெரியவருகிறது. களவும் நடக்கவில்லை, மாடுகள் விலை கொடுத்து வாங்கப்பட்டவை.

கதைச்சுருக்கமாகச் சொன்னால் நீதிக்கதை போல ஆகிவிடுகிறது. நாவலின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. கும்பலில் பெரும்பாலோருக்கு அன்றைக்குக் கொலை செய்யும் ஆசையே இல்லை. கோழை என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயம், பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பானோ என்ற கூச்சம், குதிரை ஏறியாயிற்று இனி எப்படி இறங்குவது என்ற சோம்பல் — இவைதான் அவர்களை மலையேற்றுகின்றன. கதைசொல்லியான ஆர்ட் கிராஃப்டும் கூடவே போகிறான். தவறு என்று தெரிந்தே போகிறான். எதிர்த்து வாதாடும் மளிகைக் கடைக்காரர் டேவிஸ் நல்லவர், படித்தவர். ஆனால் அவர் பேச்சு யாரையும் நிறுத்துவதில்லை. பின்னர் அவரே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்: நான் துப்பாக்கி எடுத்துப் போகாததற்குக் காரணம் அறம் அன்று, பயம்.

ஹிட்லரின் எழுச்சி உலகையே கவலையில் ஆழ்த்திய நாட்களில், அந்தக் கவலையிலிருந்துதான் இந்த நாவல் பிறந்தது என்று கிளார்க் பிற்பாடு விளக்கியிருக்கிறார். விமர்சகர்கள் சிலர் வெளிவந்தபோதே இதை நாஜிகளைப் பற்றிய உருவகமாக வாசித்தார்கள். கிளார்க்குக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஜெர்மனியைச் சுட்டிக்காட்டுவது எளிது. அமெரிக்கா தன் வீட்டிலேயே வளர்க்கும் நாஜித்தனத்தைக் காட்டுவதே தன் நோக்கம் என்பது அவர் விளக்கத்தின் சாரம். அதாவது, தூரத்துக் காலத்தைக் கொண்டு தூரத்து நாட்டைச் சொன்னார் என்று வாசகர்கள் ஆறுதல் அடைந்தார்கள். அவரோ பக்கத்து வீட்டைச் சொல்லியிருந்தார். முகமூடி முதன்முறையாக நழுவிய இடம் இது.

ஹாலிவுட்டில் இயக்குநர் வில்லியம் வெல்மன் இந்தக் கதையை விடாப்பிடியாகத் துரத்தினார். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸின் டாரில் ஜானக், காசு வராது என்று தெரிந்தும், வெல்மன் வேறு படங்களையும் இயக்கித் தர வேண்டும் என்ற பேரத்தின் பேரில் ஒப்புக்கொண்டார். 1943-இல் படம் வெளிவந்தது. காசு வரவில்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரை வந்தது. பரிசு 'காசபிளாங்கா'வுக்குப் போனது. நாயகனாக நடித்த ஹென்றி ஃபோண்டாவுக்கு இது வெறும் கதையாக இருந்திருக்காது. 1919 செப்டம்பரில் ஒமாஹா நகரில் வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியைக் கும்பல் தூக்கிலிட்டு எரித்தபோது, எதிரே இருந்த தன் தந்தையின் அச்சகத்து ஜன்னலிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவனாக அவர் அதைப் பார்த்திருந்தார்.

நாவலுக்கும் படத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. சாகப்போகும் இளைஞன் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். டேவிஸ் அதை எல்லோருக்கும் காட்டி மனதை மாற்றப் பார்க்கிறார். எழுதியவனோ சீறுகிறான்: அது என் மனைவிக்கு எழுதியது, உங்கள் கண்ணுக்கு அன்று. நாவலில் நாம் கடைசிவரை அதை வாசிப்பதில்லை. படத்தில் ஃபோண்டா முழுக் கடிதத்தையும் மதுக்கடையில் உரக்க வாசிக்கிறார்; சட்டம், மனசாட்சி, நாகரிகம் என்று கடிதம் ஊருக்குப் பாடம் நடத்துகிறது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது, பாடம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் கலையின் கணக்கில் நாவலே ஜெயிக்கிறது. தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் எவனும் சட்டத்தின் மாண்பைப் பற்றி எழுதமாட்டான்.

அடுத்த வழக்கு இன்னும் பிரபலமானது. 1947 டிசம்பரில் 'காலியர்ஸ்' வார இதழில் ஜான் கன்னிங்ஹாமின் சிறுகதை ஒன்று வந்தது: 'த டின் ஸ்டார்'. கைமூட்டு வாதத்தால் விரல் மடங்காத, மனைவியை இழந்த வயதான ஷெரீஃப் ஒருவரின் கதை. கார்ல் ஃபோர்மன் என்ற திரைக்கதாசிரியர் இதைக் கையில் எடுத்தார். முதலில் அவர் மனதில் இருந்தது ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிய உருவகம்: ஆக்கிரமிப்பாளன் வரும்போது ஊரெல்லாம் ஒன்றுசேர வேண்டும் என்பது கருத்து. எழுதி முடிப்பதற்குள் நடப்பு மாறிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் 'அமெரிக்க விரோதச் செயல்கள்' விசாரணைக் குழு ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடத் தொடங்கியிருந்தது. ஃபோர்மன் முன்பு கட்சியில் இருந்தவர். 1951 செப்டம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அவர் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார்.

சாலையில் எதிரே வந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டாளியான தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமர் உறவை முறித்துக் கணக்கைத் தீர்த்தார். தன்னிடம் நண்பர்கள் அந்த நாட்களில் சொன்ன சமாதானங்களையே ஏறக்குறைய அப்படியே திரைக்கதையில் ஊர்க்காரர்களின் வாயில் வைத்ததாக ஃபோர்மன் சொன்னார். நண்பகல் ரயிலில் கொலைகாரன் வருகிறான், திருமணமான அதே நாளில் மார்ஷல் வில் கேன் தேவாலயத்துக்கும் மதுக்கடைக்கும் வீடுகளுக்கும் அலைந்து ஆள் கேட்கிறார், ஒருவரும் வரவில்லை. எண்பத்தைந்து நிமிடப் படத்தில் கடிகாரம் திரும்பத் திரும்ப வருகிறது. வேலை முடிந்ததும் கேன் தன் மார்ஷல் நட்சத்திரத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறார். 'ஹை நூன்', 1952. படம் வெளியான ஆண்டிலேயே ஃபோர்மன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

இடையே ஒரு கிளைக்கதை. கறுப்புப் பட்டியலில் இருந்த ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் எழுதிய 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' 1957-இல் வெளியானது. இலங்கையின் கித்துல்கல ஆற்றங்கரையில் எடுக்கப்பட்ட படம். திரைக்கதைக்கான ஆஸ்கார், மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்குப் போனது. அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது என்பது ஊரறிந்த சங்கதி. 1980-களின் நடுவில் தவறு திருத்தப்பட்டபோது எழுதிய இருவருமே உயிரோடு இல்லை.

'ஹை நூன்' தன்னைப் பற்றியதுதான் என்று நடிகர் ஜான் வெய்ன் புரிந்துகொண்டார். ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவர். வேடிக்கை என்னவென்றால், 1953-இல் இந்தப் படத்துக்காக கேரி கூப்பருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கார் கிடைத்தபோது, ஊரில் இல்லாத நண்பருக்காக மேடையேறி வாங்கிக்கொண்டவரும் வெய்ன்தான். 1971-இல் 'பிளேபாய்' இதழுக்கு அளித்த பேட்டியில் படத்தை அமெரிக்காவுக்கு எதிரானது என்று தாக்கினார். ஃபோர்மனை நாட்டைவிட்டு விரட்ட உதவியதில் தனக்கு வருத்தமில்லை என்றார். கூப்பர் கடைசிக் காட்சியில் நட்சத்திரத்தைக் காலில் போட்டு மிதிப்பதாகவும் சொன்னார். படத்தில் அப்படி ஒரு காட்சி கிடையாது. கோபம் நினைவையும் மறுபடி படம்பிடித்துவிடுகிறது. 1959-இல் ஹோவர்ட் ஹாக்ஸும் வெய்னும் 'ரியோ பிராவோ'வை இதற்கு மறுமொழியாகவே எடுத்தார்கள்: அதில் ஷெரீஃப் யாரிடமும் உதவி கேட்டு அலைவதில்லை.

இதோடு நின்றிருந்தால் கதை நேரானது. வெள்ளை மாளிகையில் ஐசன்ஹோவர் 'ஹை நூன்' பார்த்து மகிழ்ந்தார். பில் கிளின்டன் அதே மாளிகையில் பலமுறை திரையிட்டார். நாடாளும் தலைவர்களுக்குத் தங்களை விசாரணைக் குழுவாகவோ ஒதுங்கிக்கொண்ட ஊராகவோ பார்க்கத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தெருவில் தனியே நடக்கும் கேரி கூப்பரையே கண்ணாடியில் கண்டார்கள். 1989 ஜூன் 4-இல் போலந்தில் தேர்தல். சாலிடாரிட்டி இயக்கத்துக்காக தோமஷ் சர்னெட்ஸ்கி என்ற இளம் ஓவியர் ஒரு சுவரொட்டி வடிவமைத்தார்: அதே கூப்பர், நெஞ்சில் சாலிடாரிட்டி வில்லை, துப்பாக்கி இருக்க வேண்டிய கையில் வாக்குச்சீட்டு. மேலவையின் 100 இடங்களில் 99-ஐ அந்த இயக்கம் கைப்பற்றியது. கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டப்பட்டவர் எழுதிய நாயகன், கம்யூனிஸ்ட் ஆட்சியை வீழ்த்தும் சுவரொட்டிக்கு முகமானான். ஃபோர்மன் அதைப் பார்க்க இல்லை; 1984-இலேயே இறந்துவிட்டார். பார்த்திருந்தால் வருந்தியிருப்பார் என்று சொல்வதற்கும் இல்லை. சொந்த மனிதர்கள் கைவிட்ட தனியனின் கதைதானே இரண்டு இடத்திலும்.

முகமூடி நழுவாமல் இருக்க ஆணி அடித்தவர்களும் உண்டு. 1954-இல் வந்த 'சில்வர் லோட்' படத்தின் வில்லன் பெயர் மெக்கார்ட்டி. கம்யூனிஸ்ட் வேட்டையின் முகமாக இருந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை யாரும் தவறவிட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அது. இன்று பார்க்கையில் அந்தப் பெயரின் தந்திரம் மட்டுமே பெரிதாகத் தெரிகிறது. அதே ஆண்டின் 'ஜானி கிட்டார்' மேலானது. அதில் காயம்பட்ட பையன் ஒருவனிடம், வியன்னா என்ற பெண்ணும் உங்கள் கூட்டாளி என்று மட்டும் சொல், உன்னை விட்டுவிடுகிறோம் என்கிறது கும்பல். அவன் சொல்கிறான். சொன்ன பிறகும் தூக்கில் போடுகிறார்கள். பெயர் சொன்னால் பிழைக்கலாம் என்ற அன்றைய ஹாலிவுட் பேரத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன காட்சி அரிது. நாயகனாக நடித்த ஸ்டெர்லிங் ஹேடன் 1951-இல் குழுவின் முன் பெயர்களைச் சொல்லிவிட்டு வாழ்நாள் முழுவதும் அதற்காகத் தன்னையே வெறுத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வியட்நாம் போர் இந்த முகமூடியைப் புரட்டிப்போட்டது. அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் எதிரியின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியை 'இந்தியர் நாடு' என்றே பேச்சு வழக்கில் அழைத்தார்கள். வெய்னின் 'த கிரீன் பெரேஸ்' (1968) படத்தில் வியட்நாம் ராணுவ முகாமுக்குக் கௌபாய் நகரமான டாட்ஜ் சிட்டியின் பெயர்ப்பலகை. கதை போரைப் பேசுவதற்கு முன்பே போர் கதையைப் பேசத் தொடங்கிவிட்டது. 1968 மார்ச்சில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை நடத்திய படுகொலை 1969 நவம்பரில் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷால் வெளியுலகுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே இரண்டு படங்கள். 'சோல்ஜர் புளூ' 1864 நவம்பரில் கொலராடோவின் சேண்ட் கிரீக்கில் ஷையென், அரபஹோ மக்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டதைக் காட்டியது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஆர்தர் பென்னின் 'லிட்டில் பிக் மேன்' 1868-இன் வாஷிட்டா தாக்குதலைக் காட்டியது. அதில் கொல்லப்படும் ஷையென் மனைவியாக நடித்தவர் ஹாங்காங்கில் பிறந்த நடிகை. பார்வையாளர் எந்த நாட்டை நினைக்க வேண்டும் என்பதை முகமே சொல்லிவிட்டது.

தாமஸ் பெர்கர் 'லிட்டில் பிக் மேன்' நாவலை வெளியிட்டதோ 1964-இல், வியட்நாமுக்கு அமெரிக்கக் காலாட்படைகள் பெருமளவில் போவதற்கு முன். நூற்றுப்பதினோரு வயதுக் கிழவன் ஜாக் கிராப் சொல்லும் புளுகும் உண்மையும் கலந்த அந்தக் கதையில் வெள்ளையரும் ஷையென்களும் சம அளவில் கேலிக்கு உள்ளாகிறார்கள். திரைப்படம் அந்தச் சிரிப்பின் பாதியை எடுத்துவிட்டுத் தலைப்புச் செய்தியை வைத்தது. நாவலை இன்றும் புதிதாக வாசிக்க முடிகிறது. படத்தின் பல பகுதிகளில் 1970 என்று முத்திரை குத்தியிருக்கிறது.

இந்தக் காலப் படங்கள் மீது இன்னொரு கடுமையான குற்றச்சாட்டும் நிற்கிறது. சேண்ட் கிரீக்கில் செத்தவர்கள் மை லாய்க்கு உவமையாகத் தேவைப்பட்டபோதுதான் திரைக்கு வந்தார்கள். முன்பு வில்லன் வேடம். இப்போது வியட்நாமியர் வேடம். பூர்வகுடிகள் தங்களாக வரும் கதையை அவர்களே எழுத வேண்டியிருந்தது. ஜேம்ஸ் வெல்ச் 1986-இல் எழுதிய 'ஃபூல்ஸ் குரோ' பிளாக்ஃபீட் மக்களின் கதை. 1870 ஜனவரியில் மரியாஸ் ஆற்றங்கரையில் ராணுவம் நடத்திய படுகொலையை நோக்கி நகர்வது. அதில் உருவகம் இல்லை. எழுதியவர் அந்த மக்களின் பேரன். அவருக்கு அது கடந்த காலமே இல்லை.

அரசுகளுக்கோ கௌபாய்க் கதை கைக்கு அடக்கமான கருவி. 1972-இல் செய்தியாளர் ஒரியானா ஃபலாச்சிக்கு அளித்த பேட்டியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சர் தன்னைத் தனியே குதிரையில் முன்செல்லும் கௌபாயாக வர்ணித்துக்கொண்டு, பிறகு அதற்காக நொந்துகொண்டார். 2001 செப்டம்பரில் ஜார்ஜ் புஷ், உயிரோடோ பிணமாகவோ பிடித்துத் தரச்சொல்லும் பழைய சுவரொட்டியை நினைவூட்டினார். 2011 மே மாதம் ஒசாமா பின்லேடனைக் கொன்ற நடவடிக்கையில் பயன்பட்ட சங்கேதச் சொல் ஜெரோனிமோ. அப்பாச்சி மக்களின் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தங்கள் மண்ணுக்காகப் போராடிய முன்னோரின் பெயர் எந்தக் கணக்கில் அங்கே போனது என்ற கேள்விக்கு நியாயமான பதில் கிடையாது.

கடல் தாண்டினால் முகமூடி இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. இத்தாலியில் டமியானோ டமியானி 1966-இல் எடுத்த 'கியென் சாபே?' படத்தில் மெக்சிகோ புரட்சிக்குள் நுழையும் அமெரிக்கக் கூலிக்கொலைகாரன் வருகிறான்; எழுத்தில் பங்கேற்ற பிராங்கோ சோலினாஸ் அதே ஆண்டு 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' எழுதியவர். லத்தீன் அமெரிக்காவில் வாஷிங்டனின் கைவேலை பற்றிய படம் அது என்பதை இத்தாலிய ரசிகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் அரசு ஸ்டுடியோ 1966 முதல் செவ்விந்தியர் பக்கம் நின்று வரிசையாகப் படமெடுத்தது. முதலாளித்துவத்தின் நில வெறி அங்கே வில்லன். சொந்த நாட்டு மதில் மட்டும் அந்தப் படங்களில் வில்லனாகவில்லை.

இந்தியாவில் 'ஷோலே' 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கைகளை இழந்த முன்னாள் போலீஸ்காரர் தாக்கூர், கப்பர் சிங்கைக் காலால் மிதித்தே கொல்வதாக எடுத்திருந்தார்கள். தணிக்கைக் குழு ஒப்பவில்லை. கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து கப்பரைக் கைது செய்வதாக மாற்றி எடுத்து ஒட்டினார்கள். குடிமக்களின் அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நாட்டில், சட்டத்தைத் தனிமனிதன் கையில் எடுக்கக் கூடாது என்று திரையில் அரசு வலியுறுத்தியது. அந்தப் படம் நடப்பைப் பற்றிச் சொன்ன மிகத் துல்லியமான கருத்து, தணிக்கைக் குழு எழுதிய அந்தக் கடைசிக் காட்சி.

தமிழில் ஜெய்சங்கர் குதிரையேறிய 'கங்கா' (1972) காலத்துக்குப் பிறகு, இந்த வகையைத் தெரிந்தே அரசியல் கேலிக்குப் பயன்படுத்தியது சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010). அதில் வல்லரசு ஊரின் பெயர் உசாபுரம். ஆங்கில எழுத்துகளாகப் பிரித்தால் விளங்கும். கௌபாயைத் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் கொண்டுவந்ததோ சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ்கள். 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர், நவஹோ மக்களுக்குத் தலைவராகவும் அரசின் ரேஞ்சராகவும் ஒரே நேரத்தில் இருப்பவர். 'இரவுக் கழுகு' என்ற பெயரில் அவரைச் சின்ன வயதில் அறிந்தவர்கள், அமெரிக்கர்களுக்குப் பல பத்தாண்டுகள் தோன்றாத ஒன்றை இயல்பாக ஏற்றுக்கொண்டே வளர்ந்தார்கள்: செவ்விந்தியர் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை.

கேப்டன் கிட்டிடம் திரும்புவோம். 2020 டிசம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த சூட்டில் நாவல் படமாக வந்தது. இயக்குநர் பால் கிரீன்கிராஸ், கேப்டனாக டாம் ஹாங்க்ஸ். நாவலில் இல்லாத காட்சி ஒன்று அதில் முளைத்தது. ஃபார்லி என்ற உள்ளூர்ச் சர்வாதிகாரி தன் புகழ் பாடும் தன் சொந்தப் பத்திரிகையைக் கையில் திணித்து இதை வாசி என்கிறான். கேப்டன் அதை ஒதுக்கிவிட்டு, தொலைதூரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் செய்தியை வாசிக்கிறார், கூட்டம் கிளர்ந்தெழுகிறது. பொய்ச் செய்தி என்ற சொல்லே நாட்டின் தொண்டையில் சிக்கிக் கிடந்த நாளில் இந்தக் காட்சி கைதட்டல் வாங்கியது. ஆனால் ஜைல்ஸின் கேப்டன் கூட்டத்தைக் கிளப்ப வாசித்தவர் இல்லை. ஒரு மணி நேரமாவது அவர்கள் தங்கள் சண்டையை மறந்து பரந்த உலகைக் கேட்கட்டும் என்று வாசித்தவர். அவர் கையில் பேப்பர் மட்டும்தான் இருந்தது. படம் அதற்குள் ஒரு தலையங்கத்தைச் செருகிவிட்டது.

இந்த வகையில் நிலைத்து நிற்கும் படைப்பு எது என்று கேட்டால் இந்தக் கட்டுரையின் தேர்வு 'ஆக்ஸ்-போ'தான். ஹிட்லர் பெயரை அழித்துவிட்டாலும், கும்பல் கொலைகளின் கணக்கை மறந்துவிட்டாலும், வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி வழிப்போக்கரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்ற செய்தியை எந்த ஆண்டில் வாசித்தாலும் அந்த மலைக்கணவாய் கண்முன் வருகிறது. வாசகரை நல்லவர் பக்கத்தில் நிறுத்தாமல், குதிரையேறிக் கூடவே போன ஆர்ட் கிராஃப்டின் பக்கத்தில் நிறுத்தியதுதான் காரணம். கேரி கூப்பரைக் கண்ணாடியில் காணத் தலைவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆர்ட் கிராஃப்டைக் கண்டதாக ஒருவரும் சொல்லிக்கொண்டதில்லை.

கிளார்க் 1949-இல் தன் மூன்றாவது நாவலை வெளியிட்டார். 1953-இல் நெவாடா பல்கலைக்கழக நிர்வாகம் தன்னை விமர்சித்த பேராசிரியர்கள் மீது பாய்ந்தபோது, அங்கே ஆசிரியராக இருந்த அவர் எதிர்ப்புத் தெரிவித்து வேலையை விட்டு விலகினார். 1962-இல் அதே பல்கலைக்கழகம் திரும்ப அழைத்தது, போனார். 1971-இல் இறக்கும்வரை நான்காவது நாவல் வெளிவரவில்லை.